கழுகுக்குப் பயந்து எழுதிய உயில்

இரண்டு கழுகுகள் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உயில் எழுதியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவை வராததற்கு நானே காரணம் என்று நம்பினேன். கூட்டத்தில் பாவி ஒருவன் நின்றால் கழுகு இறங்காது என்று ஊரில் சொன்னார்கள். அந்தப் பாவி பொழுது சாய்வதற்குள் போய்விடுவான் என்ற மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். வயது நாற்பத்தேழு. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குத் தலைமைக் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவன். எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். அப்படிப்பட்டவன் ஒரு மலையடிவாரத்தில் குந்திக்கொண்டு, சைக்கிளை யாருக்கு எழுதிவைப்பது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் களைப்பால் வந்த வினை. வேலை செய்த களைப்பென்றால் ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகமாக இருந்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால், தூங்கியதே ஒரு கூலி வேலை மாதிரி உடம்பு வலிக்கும். சட்டையின் மூன்றாவது பொத்தானில் நின்று, மீதி இரண்டையும் இன்றைக்கே போட்டாக வேண்டுமா என்று யோசிப்பேன். வாய்க்கு மட்டும் களைப்பே கிடையாது. நான் கிட்டங்கிக்குள் நுழைந்தாலே சிரிப்பதற்கென்று நாலு பேர் தயாராக நிற்பார்கள். வாய் தன்பாட்டுக்கு எதையாவது சொல்லும், அவர்கள் சிரிப்பார்கள், நான் அதைப் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.

சீன வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார். மலாய் மந்திரவாதி எலுமிச்சம்பழம் வெட்டினார். வெள்ளைக்கார டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தார். மூவரும் ஒன்றுமில்லை என்று ஒரே குரலில் சொன்னபோது, இது பெரிய வியாதிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். சின்ன வியாதியென்றால் ஒருவராவது கண்டுபிடித்திருப்பாரே! "ஊருக்குப் போய்விட்டு வா" என்றார் டாக்டர்.

ஊர் என்றால் செங்கல்பட்டு. அங்கே என் தங்கை கனகவல்லி இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் இத்தனை வருஷமாகக் கப்பல் கப்பலாகத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் தம்பி ஏழுமலை பினாங்கில் என்னோடு இருந்தான். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போட அவனைப் பிடித்துப் போனார்கள். அவன் திரும்பவில்லை. கூடப் போய்த் திரும்பிய ஒருவர், அவன் இறந்துபோனதை என்னிடம் வந்து சொல்லிவிட்டார். சண்டை முடிந்து தபால் திறந்ததும் கனகுவிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்துவிட்டு நாலாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். "ஏழுமலை ஏன் எழுதுவதில்லை?" என்று கேட்டிருந்தாள்.

அந்த நிலையில் இருப்பவளுக்கு எப்படி எழுதுவது? "அந்தக் கழுதை சயாம்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். காகிதம் எழுத நேரமில்லையாம்" என்று எழுதினேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த கடிதத்தில் அவள் மேல்விவரம் கேட்டாள். கொடுத்தேன். ஆறேழு வருஷத்தில் ஏழுமலைக்கு ஒரு மரக்கடை, முன்வழுக்கை, மாலி என்று ஒரு பெண், மரம் இழுக்க ஒரு யானை எல்லாம் சேர்ந்துவிட்டன. யானைக்கு ஒரு மழைக்காலத்தில் காலில் புண் வந்து ஆறிப்போயிற்று. இந்தப் பயணத்தில் அவளிடம் நேரில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

முதல் நாள் ஸ்டேஷனுக்குக் கனகுவின் புருஷன் சிகாமணி வந்திருந்தார். கூட்ஸ் வண்டிக்கு கார்டு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வா மச்சான். பெட்டி வந்துகீது, சட்டை வந்துகீது. ஆளு எந்த வண்டியில வர்றாரு?"

வீட்டு வாசலில் கனகு என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். "இன்னாண்ணா இது? அங்க சோறு துன்றியா, இல்ல கடல் காத்தக் குடிச்சிகினு கீறியா?"

ஏரி விரால் குழம்பு வைத்திருந்தாள். பினாங்கிலும் மீன் குழம்பு உண்டு. அது நாக்கில் அடிக்கும், இது தோளில் கை போடுகிறது. காபியும் அப்படித்தான். பினாங்குக் கோப்பி கறுப்பாகக் கொதித்து, டின் பாலோடு வரும். ஒரு குவளை குடித்தால் இரண்டு நாள் தூக்கம் போய்விடும். கனகுவின் சிக்கரிக் காபியில் ஒரு மடக்குக்கே தூக்கம் வந்தது. சந்தோஷமாகப் படுத்தேன். உடனே தூக்கம் போய்விட்டது.

சாயங்காலம் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆறு கவுன்களை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் தன் பெண் வள்ளிக்குத் தைக்கும்போது, அதே துணியில் ஒரு விரற்கடை குறைத்து இன்னொன்று தைத்திருக்கிறாள்.

"மாலிக்குண்ணா. வள்ளியவிட ஒரு வயசு சின்னவதானே. மொத நாலும் இப்ப பத்தாது. பரவால்ல, இன்னொண்ணு பொறந்தா ஆவும். நீ சொல்லேன் அவன்கிட்ட."

இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். "சயாம் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் வளராது கனகு. அந்த ஊர் அரிசி அப்படி" என்றது வாய். அவள் சிரித்தாள். ஆறு கவுன்களும் என் மடியில் ஆறு மூட்டை அரிசி மாதிரி கனத்தன.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். என் கடிதங்களைக் கனகு ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காலை நாஸ்தா முடிவதற்குள் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இவருதானா சயாம்காரரோட அண்ணன்?"

"யானைக்குக் கால் தேவலையாங்க? நாங்கூட மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினு கூழ் ஊத்தினேன்."

ஒரு பொய் யானைக்காக ஒரு நிஜமான அம்மாள் கூழ் ஊற்றியிருக்கிறாள்! நான் நன்றி சொன்னேன். யானையும் விசாரித்ததாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு மொத்தம் மூன்று தடவை கனகுவிடம் சொல்ல முயன்றேன். மூன்று தடவையும் ஒவ்வொரு வேடிக்கை வந்து குறுக்கே விழுந்தது. மூன்றாவது வேடிக்கை எனக்கே பிடித்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"நாளைக்கி நாம ரெண்டு பேரும் திருக்கழுக்குன்றம் போறோம். அந்தக் கழுகைப் பாத்தா உன் களைப்பு பறந்துடும். அப்படியே மாமல்லபுரம் போய்க் கடலப் பாத்துட்டு பொழுதோட திரும்பிடலாம்" என்றாள் கனகு.

அந்தக் கழுகுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வெள்ளைக் கழுகுகள். தினமும் காலையில் காசியில் ஸ்நானம், மத்தியானம் திருக்கழுக்குன்றத்து மலைமேல் சர்க்கரைப் பொங்கல், ராத்திரி ராமேஸ்வரத்தில் படுக்கை. சாபம் தீரும்வரை இப்படிப் பறந்துகொண்டே இருக்க வேண்டுமாம். கேட்டதும் எனக்கு அவற்றின்மேல் பாசம் வந்துவிட்டது. என் பினாங்குத் தொரைக்கு மட்டும் இந்தக் கதை தெரியக்கூடாது. எனக்கும் அதே அட்டவணையைப் போட்டுவிடுவார். மனத்துக்குள் ஒரு பந்தயமும் வைத்தேன். கழுகு வந்தால் அன்றைக்கே கடற்கரையில் கனகுவிடம் சொல்லிவிடுவது. வராவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. தினமும் வருபவைதானே.

மூன்றாம் நாள் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. "எல்லாம் எறங்கு. வண்டி பெருமூச்சு வுடுது" என்றார் கண்டக்டர். ஒருவர் வயற்கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். கண்டக்டர் தடுத்தார். "யோவ், இருய்யா. சூட்டோட ஊத்துனா வெடிச்சிடும். தானா ஆறட்டும்." எனக்கு அந்த பஸ்மேல் பொறாமையாக இருந்தது. அதற்கு ஆவி வெளியே தெரிந்தது. முப்பது பேர் இறங்கி வேப்பமரத்தடியில் காத்துக்கொண்டும் நின்றார்கள்.

மலைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி. கனகு புளிச்சோற்றுப் பையோடு முன்னால் ஏறினாள். நான் முப்பது படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, இயற்கை அழகை ரசிப்பதாக அவளுக்குச் சொன்னேன். மேலே சரிவான பாறையில் பண்டாரம் ஒருவர் பித்தளைப் பாத்திரத்தில் பொங்கலோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நூறு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வர வேண்டிய நேரம் வந்தது. நேரம் போயிற்று. பண்டாரம் கிண்ணத்தைத் தட்டினார். காக்கைகள் மட்டும் வந்தன.

"இன்னாபா இது, இன்னும் காணோம்?"

"யாரோ பாவி வந்துகீறான். அதான் எறங்க மாட்டேங்குது."

நூறு பேரும் அவரவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள். நான் பினாங்குப் பூப்போட்ட சட்டை போட்டிருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு தெலுங்கு அம்மாள்கள். பினாங்கில் எங்கள் அடுத்த வீடு தெலுங்கு வீடு என்பதால் பாதி புரியும். "அந்தப் பூச்சட்டைக்காரனைப் பாருடி. எப்படி வேர்க்குது பாரு. அவனாத்தான் இருக்கும்" என்றாள் ஒருத்தி. "பாவம், குடும்பஸ்தன் மாதிரி இருக்கான்" என்றாள் மற்றவள்.

செத்தவனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, வழுக்கை விழவைத்து, யானை வாங்கிக் கொடுத்த பாவி இந்த மலையில் என்னைத் தவிர யார்? கனகுவிடம், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவினேன். ஏறும்போது ஒரு மணி நேரம் எடுத்த படிகளில் இறங்கும்போது என் செருப்புக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். ஒரு செருப்பு கடைசிவரை வரவே இல்லை.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் விழுந்தேன். நெஞ்சு பஸ்ஸின் முன்பக்கம் மாதிரி கொதித்தது. சரி, பொழுது சாய இன்னும் நாலைந்து மணி நேரம்தான் என்று கணக்கிட்டேன். கிராணியின் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். யாரோ கையில் திணித்த பல்பொடி நோட்டீஸ் ஒன்றும் இருந்தது. அதன் பின்பக்கத்தில் தொடங்கினேன். முழு நினைவோடு எழுதுகிறேன் என்பது முதல் வரி. சைக்கிள் மூத்த மகனுக்கு. குடை மனைவிக்கு, அவள் அதை எனக்குக் கொடுத்ததே இல்லை. எனக்குப் பின் உயிரோடு இருக்கும் உடன்பிறந்தவர்கள்: ஒன்று, கனகவல்லி. இரண்டு...

அங்கே பென்சில் நின்றுவிட்டது.

இருபத்தைந்து வருஷம் சரக்குப் பட்டியல் எழுதிய கை. கடிதத்தில் எதையும் எழுதும். ஆனால் கிட்டங்கியில் இல்லாத மூட்டையை இருப்பில் காட்டியது இல்லை. பாதி நோட்டீஸ் வெறுமையாக இருந்தது. 'இரண்டு' என்பதை அடித்துவிட்டு, 'ஒருத்திதான்' என்று எழுதினேன். எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அதை நான் எழுத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இன்னா சாமி, மூச்சு மேலயும் கீழயும் போவுது. எழுதறத அப்பால எழுதக்கூடாதா?"

பக்கத்தில் ஒரு ஜட்கா வந்து நின்றிருந்தது. வண்டிக்காரர் பெயர் தஸ்தகீர். முப்பது வயது இருக்கும். குதிரையின் கழுத்திலிருந்து சலங்கைப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடிவாளம், சேணம் எல்லாம் அப்படியே இருந்தன.

"குதிரை ஜோராகத்தானே ஓடிவந்தது?" என்றேன்.

"அதான் பேஜாரு. இது களைச்சிட்டா நடக்காது, ஓடும். பாக்கறவன் ஜோருன்னுவான். நின்னா வுழுந்துடுவோம்னு அதுக்கு பயம்."

"சலங்கையை ஏன் முதலில் அவிழ்க்கிறாய்?"

"சத்தம் கேட்டுகினே இருந்தா இன்னும் ஓடணும்னு நெனச்சிக்கும். மத்ததெல்லாம் அப்பால."

குதிரைக்கு இவ்வளவு மரியாதையென்றால் நான் அடுத்த ஜன்மத்தில் உன் வண்டியில் பிறக்கிறேன் என்று ஒரு வேடிக்கை சொன்னேன். தஸ்தகீர் சிரிக்கவில்லை. "வாணாம் சாமி, சவாரி கம்மி" என்று சொல்லிவிட்டுக் குதிரையின் காலைத் தேய்த்துவிடப் போனார். என் வேடிக்கைக்கு ஒருவர் சிரிக்காமல் போய் எத்தனையோ வருஷமாயிற்று. அவமானமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ இறுக்கிக் கட்டியிருந்த அரைஞாணைத் தளர்த்தியது போல இருந்தது. அவர் குதிரைக்கென்று ஊறவைத்திருந்த கொள்ளில் ஒரு பிடி கொடுத்தார். சாகப் போகிறவன் என்பதையும் மறந்து தின்றேன்.

கனகு இறங்கி வந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் என் செருப்பு.

"தண்ணி குடிக்கப் போனவன் தாம்பரத்துக்கே போய்ட்டியாண்ணா? அங்க எத்தினி பேருகிட்ட கேட்டுகினு வரேன் தெரியுமா?"

என் முகத்தைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினாள். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தஸ்தகீரின் வண்டியிலேயே ஏற்றிவிட்டாள். குதிரை சலங்கை இல்லாமல், அவசரமே இல்லாமல், மாமல்லபுரத்துக்கு நடந்தது. நான் சூரியனைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கல்தச்சர்களின் உளிச் சத்தத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் உட்கார்ந்தோம். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. எனக்கு நேரம் இல்லை. வேடிக்கை எதுவும் முந்திக்கொள்வதற்குள் சொன்னேன்.

"கனகு, ஏழுமலை செத்துப்போய்விட்டான். சண்டையின்போதே. சயாமில்."

அவள் கடலையே பார்த்தாள். "அப்ப மாலி?" என்றாள்.

"மாலி என்று யாரும் இல்லை."

"பல்லு வுழுந்துச்சின்னு எழுதினியே."

"அது என் சின்ன மகனுடைய பல்."

"யானை?"

"யானையும் இல்லை கனகு."

அவள் என் தோளில் அடித்தாள். ஒரு அடி இல்லை, பல அடிகள். முதலில் அழுதது மாலிக்காக. பிறகுதான் தம்பிக்கு. "கவுன் தச்சி வச்சேனே, கவுன் தச்சி வச்சேனே" என்று அதையே சொன்னாள். இரண்டு பேரையும் அவளிடமிருந்து ஒரே சாயங்காலத்தில் பறித்தவன் நான். அருகில் உட்கார்ந்திருந்தேன். வாய் முதல்முறையாக எனக்குக் கீழ்ப்படிந்து சும்மா இருந்தது.

அழுது ஓய்ந்ததும் எழுந்து கொண்டையை அவிழ்த்தாள். சாவுச் செய்தி கேட்டால், எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும், தலை முழுக வேண்டும். புடவையோடு கடலை நோக்கி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குச் சேதி வந்த அன்னிக்கி நீ முழுகினியாண்ணா?"

முழுகவில்லை. அன்றைக்குச் செய்தி சொன்னவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன். கிட்டங்கியில் எல்லாரும் பட்டினியில் சுருண்டு கிடந்தார்கள். நான் நாலு வேடிக்கை சொன்னேன். சாயங்காலம் முகம் மட்டும் கழுவினேன்.

"இல்லை" என்றேன்.

"இத்தினி வருசமா தீட்டோடவே கீறே நீ" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கத்தினார்: "அண்ணாத்த, சட்டையோட எங்க போறே? அங்க இழுக்கும், இந்தப் பக்கம் வா!" வந்து முழங்கால் தண்ணீரில் எங்களுக்குக் காவலாக நின்றார். இரண்டு பேரும் ஈரத் தலையோடு எழுந்ததும் இது சாவு முழுக்கு என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். தன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டார். மூன்று முறை முழுகினேன். மூன்றாவது முறை அலை என்னைத் தூக்கிக் கரையில் போட்டது. நான் எழுந்திருக்கவில்லை. வாயெல்லாம் உப்பு. நானும் அழுதிருக்கிறேன் என்று கனகு பிறகு சொன்னாள்.

ஈரத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவள் பையிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். சர்க்கரைப் பொங்கல்.

"இது ஏது?"

"கழுகு சாப்ட்ட மிச்சம். பிரசாதம்."

"கழுகுதான் வரவில்லையே?"

"நீ தண்ணி குடிக்கப் போனியே, அப்பத்தான் வந்துச்சு. ரெண்டும் வந்துச்சு. நல்லா துன்னுட்டுப் போச்சு."

சூரியன் அவ்வளவு நேரத்துக்குள் ஊருக்குப் பின்னால் போயிருந்தது. நான் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நெய் கொஞ்சம் குறைவு.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரின் தோளில் தூங்கிவிட்டேன். வீட்டில் போய் மறுபடியும் தூங்கினேன். நாலாம் நாள் செய்தி கேட்டுக் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் வந்து கூடத்தில் உட்கார்ந்து, கனகுவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்களாம். யானைக்குக் கூழ் ஊற்றிய அம்மாள்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதாளாம். இத்தனை வருஷம் தாமதமாக வந்த அந்த ஒப்பாரி முழுவதையும் நான் பக்கத்து அறையில் தூங்கிக் கழித்தேன். சிகாமணி கூட்ஸ் வண்டியோடு ஒருமுறை போய்த் திரும்பினார். இரண்டாம் முறையும் போய்த் திரும்பினார். "மச்சானுக்கு இன்னும் சிக்னல் வுழல்லியா?" என்று அவர் கேட்டது மட்டும் கனவு போல நினைவிருக்கிறது. கனகு என்னை எழுப்ப விடவில்லை.

களைப்பு அடியோடு போய்விட்டதாகச் சொன்னால் அது இன்னொரு யானையாகிவிடும். பினாங்குக்கு வந்த பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் சட்டைப் பொத்தான் ஐந்தையும் ஒரே மூச்சில் போடுகிறேன். கவுன்களைக் கனகு தானம் செய்யவில்லை, பெட்டியிலேயே வைத்திருக்கிறாள். அவளுக்கு இப்போதெல்லாம் மழை பெய்தது, மீன் விலை ஏறியது என்று சின்னக் கடிதங்கள்தான் எழுதுகிறேன்.

பல வருஷக் கடிதங்களில் மாற்றி எழுதியதை இங்கே சரியாக எழுதிவிடுகிறேன். என் தம்பி ஏழுமலை சயாம் ரயில்பாதையில், மழைக்காலத்தில், காலரா கண்டு இறந்தான். வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை.